தாயம் விழ எத்தனை தடவை உருட்ட வேண்டும்?

“மகள் ஒன்பதாம் வகுப்பு. நிகழ்தகவில் ஒரு பகடை என்றால் சரியாகப் போடுகிறாள், இரண்டு என்றதும் தடுமாறுகிறாள். வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. அதை வைத்துச் சொல்லித்தரலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக. ஆறுமுகப் பகடை இரண்டு என்றால் 36 கட்டம் போட வேண்டும். தாயக்கட்டைக்கு 16 போதும். வழக்கமான கட்டையில் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெறும் முகமும் இருக்கும். வெறும் முகத்தை 0 என்று கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஒரு கட்டையின் முனையில் நகப்பூச்சு வைப்பது. குழப்பம் தீர்வது இந்தப் பொட்டில்தான். கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை ஏழு வகை, ஆகவே தாயம் (கூட்டுத்தொகை 1) விழ வாய்ப்பு 1/7 என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். பொட்டு வைத்த கட்டையில் 1, மற்றதில் 0 விழுவது ஒன்று. பொட்டில் 0, மற்றதில் 1 விழுவது வேறொன்று. தாயத்துக்கு இப்படி இரண்டு வழி. கூட்டுத்தொகை 3க்கு நான்கு வழி (0‑3, 3‑0, 1‑2, 2‑1). 6க்கு 3‑3 ஒன்றுதான்.

நாலுக்கு நாலு கட்டம் வரைந்து மகளையே நிரப்பச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் சொல்லும் கூறுவெளி அந்த 16 கட்டம்தான். 0 முதல் 6 வரை எண்ணினால் 1, 2, 3, 4, 3, 2, 1 என்று வரும். தாயம் 2/16, அதாவது 1/8. இரண்டும் வெறுமையாக விழுந்தால் (கூட்டுத்தொகை 0) ஆட்டத்தில் அது பன்னிரண்டு; அதற்கு 1/16. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம் உண்டென்றால், அதற்கான வாய்ப்பு 6/16.

பிறகு 80 முறை உருட்டிக் குறியுங்கள். 16இன் மடங்கு என்பதால் எதிர்பார்ப்பு முழு எண்ணாக வரும்: 5, 10, 15, 20, 15, 10, 5. தாயம் சரியாகப் பத்து வர வேண்டும் என்றில்லை. ஏழோ பதின்மூன்றோ வந்தால் கணக்கு தப்பில்லை. இருபதைத் தாண்டினால் கட்டையைச் சந்தேகியுங்கள். குறுக்குவெட்டு சதுரமாக இல்லாவிட்டால் அகலமான முகங்களில் அதிகம் படுக்கும். உருளாமல் வழுக்கி நின்றாலும் எண்ணிக்கை கெடும். சுவரில் சாய்ந்து நின்றால் அந்த ஆட்டம் செல்லாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். விழுந்ததைப் பார்த்த பிறகு முடிவெடுத்தால் பிடித்த எண்ணுக்குச் சலுகை போய்விடும்.

அடுத்து மகளிடம் ஒரு கேள்வி: வாய்ப்பு 1/8 என்றால், எட்டு உருட்டில் ஒரு தாயம் நிச்சயமா? பெரும்பாலான பெரியவர்களே ஆமாம் என்பார்கள். ஒரு உருட்டில் விழாமல் போக 7/8. எட்டு முறையும் விழாமல் போக, 7/8ஐ எட்டு முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.34. மூன்றில் ஒரு பங்கு தடவை, எட்டு உருட்டியும் காய் இறங்காது. ஆறு உருட்டில் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. 95 சதவீதத்தை எட்ட 23 உருட்டு வேண்டும். ஏழு முறை விழவில்லை என்பதால் எட்டாவது உருட்டின் வாய்ப்பு கூடுவதும் இல்லை. கட்டைக்கு ஞாபகம் கிடையாது.

சோழி இருந்தால் அதையும் எடுங்கள். ஆனால் கட்டம் போடாதீர்கள். வாய் மேலே விழுவதும் முதுகு மேலே விழுவதும் சம வாய்ப்பு அல்ல. ஒரே சோழியை 100 முறை போட்டு எண்ணினால் கிடைப்பது பட்டறி நிகழ்தகவு. அடுத்த சோழிக்கு அது வேறாக இருக்கலாம். தேய்த்த புளியங்கொட்டைக்கும் இதே கதைதான்.