உடன் வேலைக்காரர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடங்களாக உங்கள் எழுத்துகளை வாசித்து வருகிறேன். எனக்கு வயது 26. ஆராய்ச்சிப் படிப்பில் சேர இடம் கிடைத்திருக்கிறது, முடிக்க ஐந்து வருடம் ஆகும். எங்கள் சபையின் ஊழியர் இந்தத் தலைமுறை கடந்துபோவதற்குள் கர்த்தராகிய இயேசுவின் இரண்டாம் வருகை இருக்கும் என்று உறுதியாகச் சொல்கிறார். வருகைக்கு அடையாளமாக இயேசு சொன்ன அத்திமரம் துளிர்விடுவது என்பது 1948-இல் இஸ்ரவேல் நாடு உருவானதுதான் என்கிறார். அப்படியானால் ஐந்து வருடப் படிப்பு, அப்புறம் கல்யாணம், வீடு என்று திட்டம் போடுவது அவிசுவாசம் ஆகாதா? யுத்தங்கள், பூமியதிர்ச்சிகள், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 666 முத்திரை எல்லாம் நிறைவேறிக்கொண்டிருக்கின்றனவா? விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை கடைசி உபத்திரவ காலத்துக்கு முன்பா, பின்பா? வீட்டில் இதைப் பேச ஆள் இல்லை. அண்ணன் சபையை விட்டுப் போய்விட்டதால் மூன்று வருடமாக அவரோடு பேச்சு இல்லை. போன வருடம் அவருக்குக் குழந்தை பிறந்ததே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. தயவுசெய்து பதில் எழுதுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஓர் அடக்க ஆராதனைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தேன். இறந்தவர் எண்பது வயதைத் தாண்டியவர், சின்ன வயதில் எனக்கு வசனங்களை மனப்பாடம் செய்வித்தவர். அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தை வாசித்தார்கள். பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம், மேகங்கள். அதுவரை சரி. அப்புறம் பிரசங்கம் செய்தவர் பெட்டியைச் சுற்றி நின்ற பேரப்பிள்ளைகளைப் பார்த்து, இன்றிரவு அந்த எக்காளம் தொனித்தால் உங்களில் யார் யார் கைவிடப்படுவீர்கள் என்று கேட்டார். ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி சட்டென்று தன் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அந்தப் பிடியை அவள் விடவில்லை.

அந்த அதிகாரம் எப்படி முடிகிறது தெரியுமா? 'ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்.' தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். ஆண்டவர் வரும்போது இவர்கள் விடுபட்டுப்போவார்களோ என்று மற்றவர்கள் கலங்கினார்கள். இல்லை, அவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்று பவுல் எழுதுகிறார். துக்கவீட்டுக்கு எழுதிய ஆறுதல் கடிதம் அது. அதையே எடுத்துத் துக்கவீட்டில் வைத்துப் பிள்ளைகளை மிரட்டினால் வயிறு எரியாமல் என்ன செய்யும். அந்த எரிச்சலோடு வந்து உட்கார்ந்தபோதுதான், தூக்கம் வருவதில்லை என்ற உங்கள் வரியைப் பார்த்தேன்.

முதலில் படிப்பு. சேருங்கள். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களைப் பற்றி எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றான், கேட்க இனிமையாக இருந்தது. எரேமியா எழுபது வருடம் என்றார். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பெண் கொண்டு பெண் கொடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதமும் அனுப்பினார். வீடு கட்டியதால் அவர்கள் எருசலேமை மறந்துவிடவில்லை. நாளைக்கே ஆண்டவர் வந்து ஆய்வுக்கூடத்தில் உங்களைக் கண்டால் அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அடுத்தது 1948, 666, பூமியதிர்ச்சிக் கணக்கு. இதில் நான் இறங்க மாட்டேன். சீஷர்கள் இயேசுவிடம் நேருக்கு நேர் நின்று கேட்டபோதே, 'காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல' என்று பதில் கிடைத்துவிட்டது. அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர வேறு ஒருவரும் அறியார் என்று வாய்விட்டுச் சொன்னவருடைய வாயிலிருந்தே தேதியைப் பிடுங்கப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது, மன்னியுங்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஹிப்போலித்து என்ற சபைப் பிதா, தானியேல் புத்தகத்துக்கான தன் விளக்கத்தில் கருங்கடல் கரையிலிருந்த பொந்து நாட்டுச் சபைத் தலைவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். நல்ல பக்திமான், தாழ்மையானவர், ஆனால் வேதத்தைவிடத் தன் சொப்பனங்களை நம்பினார். ஒரு வருடத்துக்குள் நியாயத்தீர்ப்பு, நடக்காவிட்டால் இனி வேதத்தையே நம்பாதீர்கள் என்றார். ஜனங்கள் வயலை உழாமல் விட்டார்கள், சொத்தை விற்றார்கள். வருடம் முடிந்தது. விற்றவர்கள் பிச்சையெடுக்கும்படி ஆயிற்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இரவெல்லாம் காத்திருந்து விடியும்வரை அழுதார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் சொன்ன 2011 மே 21-உம் அப்படியே கடந்துபோயிற்று, அதை விளம்பரப்படுத்தத் தங்கள் சேமிப்பைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். அழுத அந்த மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் உண்மையாகவே அவரைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். நாள் குறித்துக் கொடுத்தவர்கள்மேல்தான் என் வருத்தம்.

இரகசிய வருகை முன்பா பின்பா என்றால், வருகையை அப்படி இரண்டாகப் பிரித்துப் பேசுவது பரவியதே 1830-களில் வேதபோதகர் ஜான் நெல்சன் டார்பிக்குப் பிறகுதான். அதற்கு முன் பதினெட்டு நூற்றாண்டு விசுவாசிகள் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே பரிசுத்தமாக வாழ்ந்து நம்பிக்கையோடு மரித்தார்கள். நீங்களும் அப்படியே வாழ்ந்து மரிக்கலாம். போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அண்ணனோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை, குழந்தை பிறந்ததே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே தூக்கம் வருவதில்லை என்கிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

மத்தேயு இருபத்து நான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியர் அத்திமர வசனத்தை எடுத்ததும் அதே அதிகாரத்திலிருந்துதான். அத்திமரத்தில் நின்றுவிட வேண்டாம், இன்னும் பத்துப் பதினைந்து வசனம் கீழே வாருங்கள். எஜமான் வெளியே போகும்போது ஓர் ஊழியக்காரனை வைத்துவிட்டுப் போகிறார். எதற்காக? 'ஏற்றவேளையிலே தன் வேலைக்காரருக்குப் போஜனங்கொடுத்து அவர்களை விசாரிக்கும்படி.' வானத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லவில்லை, நான் எப்போது வருவேன் என்று கணக்குப் போட்டு வை என்றும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட வேண்டும், அவர்களை விசாரிக்க வேண்டும். வருகைக்கும் இன்றைக்கும் இடையில் அந்த வீட்டில் கொடுக்கப்பட்ட வேலை இவ்வளவுதான். விசாரிப்பது என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். நாம் ஒருவரை ஒருவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்போமே, அதே சொல்.

இனி பொல்லாத ஊழியக்காரனைப் பாருங்கள். என் ஆண்டவன் வர நாள் செல்லும் என்று தன் உள்ளத்திலே சொல்லிக்கொள்கிறான். உள்ளத்தில் சொன்னது யாருக்குத் தெரியும்? வெளியே முதலில் தெரிவது இதுதான், 'தன் உடன் வேலைக்காரரை அடிக்கத் தொடங்கி.' எஜமான் வர மாட்டார் என்று அவன் எங்கேயும் பிரசங்கம் செய்யவில்லை. வருவார் என்பது அவனுக்கும் தெரியும். வாயால் கேட்டிருந்தால் அவனும் ஆமென் என்றுதான் சொல்லியிருப்பான். கூட வேலை செய்கிறவன்மேல் அவன் கை நீண்டபோதுதான் காத்திருப்பதை அவன் நிறுத்திவிட்டது தெரிகிறது. ஒரு சபை காத்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் அங்கே வருகையைப் பற்றி எத்தனை பாட்டுப் பாடுகிறார்கள் என்று பார்க்க மாட்டேன். விட்டுப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பேன்.

அண்ணனை நான் அடிக்கவில்லையே என்பீர்கள். தம்பி, மூன்று வருட மௌனம் அடி இல்லையா? ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, உங்கள் இரத்தம், சித்தப்பா என்று உங்களைக் கூப்பிட வேண்டிய பிள்ளை. இந்நேரம் தவழ்ந்து முடித்து நடக்க ஆரம்பித்திருக்கும். அதன் முகம் உங்களுக்குத் தெரியாது. சபையை விட்டுப் போனவரோடு பழகக் கூடாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம், நீங்கள் எழுதவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், வேலை செய்யாமல் திரிந்தவர்களைப் பற்றி அதே தெசலோனிக்கே சபைக்கு எழுதும்போது பவுல் அப்படிப்பட்டவரோடு கலவாதிருங்கள் என்று கடிந்து சொல்லிவிட்டு அடுத்த வசனத்திலேயே என்ன சொன்னார் என்று அவர்களிடம் கேளுங்கள். அவனைச் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணி புத்திசொல்லுங்கள் என்றார்.

என் அம்மாவைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் மூன்று நாள் கூட்டம் நடத்தினார். கடைசி இரவு இரகசிய வருகையைப் பற்றி. வயலில் இருவர், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். கூட்டமே அழுதது, நானும் அழுதேன். மறுநாள் காலையில் கண் விழித்தால் வீட்டில் சத்தமே இல்லை. அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். அம்மாவின் போர்வை மடிக்கப்படாமல் கிடந்தது. மேஜையில் வேதாகமம் திறந்திருந்தது, அதன்மேல் அவளுடைய கண்ணாடி, ஒரு காம்பு மடிந்தும் ஒரு காம்பு விரிந்தும். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணாடி தேவைப்படாத இடத்துக்கு அம்மா போய்விட்டாள், நான் நிற்கிறேன். கத்தக்கூட வரவில்லை. எவ்வளவு நேரம் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன் என்று தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் சொட்டுகிற குழாய்ச் சத்தம் எனக்கு ஆகாது.

அம்மா திரும்பி வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவின் அக்கா. ஒரு பாகப்பிரிவினையில் பேச்சு முற்றி நான்கு வருடமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அதே பிரசங்கத்தைத்தான் அம்மாவும் கேட்டாள். இரவெல்லாம் தூங்காமல் இருந்துவிட்டு, விடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்து எழுந்து போயிருக்கிறாள். ஏன் போனாய் என்று பிறகு அப்பா கேட்டபோது அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'அவர் வந்து, உன் நாத்தனார் எங்கே என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?'

தம்பி ஆபேலைக் கொன்ற காயீனிடம், உன் சகோதரன் எங்கே என்று கேட்கப்பட்ட அதே கேள்வி அது என்று எனக்குப் புரிந்தது வளர்ந்த பிறகுதான். அன்று அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அம்மா வாசலில் நின்றே பேசிவிட்டு வந்தாள். அடுத்த மாதம் மறுபடி போனாள். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன், அன்று அத்தை எனக்கு ஒரு முக்காலி இழுத்துப் போட்டாள், அம்மாவை உட்காரச் சொல்லவில்லை. பழையபடி ஆக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிவரை அந்தப் பாகப்பிரிவினையில் யார் சொன்னது சரி என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஒரே பிரசங்கம்தான். எனக்குப் பல வருடத்துக்குப் பயத்தைக் கொடுத்தது, அம்மாவை இரண்டு தெரு தாண்டி நடக்க வைத்தது. வருகையை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன் தம்பி, இதைச் சந்தேகப்பட வேண்டாம். 'ஆமென், கர்த்தராகிய இயேசுவே, வாரும்' என்று சொல்லாமல் நான் படுப்பதில்லை. ஆனால் அந்த ஜெபத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது பிரசங்கியாரா அம்மாவா என்று கேட்டால் யோசிக்காமல் அம்மா என்பேன்.

அண்ணன் சபையை விட்டுப் போனதற்குக் காரணம் இருக்கும். அது சரியான காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அதை நீங்கள் இப்போது தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அவர் போனை எடுக்காமல் போகலாம், எடுத்தும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடலாம். என் அத்தையும் பாதிக் கதவுதான் திறந்தாள். மறுபடி அழையுங்கள். இதை வாசிக்கும்போது நடு இரவாக இருந்தால் விடியும்வரை பொறுங்கள், பிள்ளை தூங்கும். பகலாக இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே எண்ணைத் தட்டுங்கள். எடுத்தவுடன் வருகையைப் பற்றிப் பேசாதீர்கள், சபையைப் பற்றியும் வேண்டாம். குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.