ரோட் ரேஷ் திரும்ப வருமா? கையெழுத்துப் போடலாமா, காசு போடலாமா?

கேள்வி: பள்ளி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு வைத்து, பைக்கில் போய்க்கொண்டே அடித்துக்கொள்ளும் ரோட் ரேஷ் என்ற கணினி கேமை விளையாடியவன் நான். இப்போது என் மகனுக்கே பைக் ஓட்டும் வயது நெருங்குகிறது. ரோட் ரேஷைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஓர் இணைய மனு சுற்றுகிறது. கையெழுத்துப் போட்டால் பலன் உண்டா? அதே பாணியில் புது கேம் செய்கிறோம் என்று ஒரு குழு பணம் திரட்டுகிறது. இரண்டாயிரம் ரூபாய் போடலாமா? ரசிகர்களே செய்த புதிய ரோட் ரேஷ் என்று நண்பர் வாட்ஸப்பில் ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறார். நிறுவலாமா? பரணில் கடையில் வாங்கிய பழைய சிடியும் இருக்கிறது. புது லேப்டாப்பில் அதை எப்படி ஓட்டுவது?

பதில்: சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடுங்கள், கைக்காசு போகப்போவதில்லை. இரண்டாயிரத்தை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். வாட்ஸப்பில் வந்த ஃபைலைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். சிடியைப் பத்திரமாக இறக்கி வையுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

கேம் உரிமைகளை வாங்கி விற்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் நான். நின்றுபோன ஒரு தொடர் திரும்ப வருமா என்று யார் கேட்டாலும், அது யாருடைய சொத்து என்றுதான் முதலில் பார்ப்பேன். எத்தனை ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான்.

ரோட் ரேஷ் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனியின் சொத்து. 1991இல் சேகா கம்பெனியின், டிவியில் செருகி கேம் ஆடும் 16 பிட் பெட்டிக்காக முதலில் வந்தது. நாம் கணினியில் ஆடியது அதுவல்ல. 3டிஓ என்ற பெட்டிக்காக 1994இல் புதிதாகச் செய்த பதிப்பு, 1996இல் விண்டோஸ் 95க்கு வந்தது. நம் ஊர் ஞாபகத்தில் இருப்பது அந்த ஒன்றுதான். அதன் பிறகும் பிளேஸ்டேஷனுக்கு இரண்டு, நின்டெண்டோ 64க்கு ஒன்று என்று வந்தன. 2003இல் கேம்பாய் அட்வான்சுக்கு ஒரு சின்னப் பதிப்பு வந்ததோடு கடையைச் சாத்திவிட்டார்கள்.

சொத்து ஒரே கையில் இருப்பது நல்ல சேதி. அது எவ்வளவு நல்லது என்று புரிய, இதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1999இல் வெளியிட்ட சிஸ்டம் ஷாக் 2 பட்ட பாட்டைக் கேளுங்கள். அதைச் செய்த ஸ்டூடியோக்களில் ஒன்றான லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடப்பட்டது. கேமின் காப்புரிமை (காப்பிரைட்) சுற்றிச்சுற்றிக் கடைசியில் அமெரிக்காவின் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. பெயரின் வணிகச்சின்னமோ (டிரேட்மார்க்) எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம். வீடு ஒருவருக்கு, வாசற்கதவு இன்னொருவருக்கு என்று பாகம் பிரித்த கதை. ஆண்டுக்கணக்கில் அந்த கேமை யாரும் விற்க முடியவில்லை. 2012இல் ஸ்டீபன் கிக் என்ற இளைஞர் வேலையை விட்டுவிட்டு மத்திய அமெரிக்காவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். குவாத்தமாலாவில் ஒரு விடுதியில் பழைய ஞாபகத்தில் இந்த கேமை ஆட உட்கார்ந்தார், ஓடவில்லை. உரிமை யாரிடம் என்று தேடி, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் பேச்சுக்கு வந்தார்கள். 2013 பிப்ரவரியில் கேம் மறுபடி விற்பனைக்கு வந்தது. அதற்காக அவர் தொடங்கிய நைட்டைவ் ஸ்டூடியோஸ், பிறகு முதல் சிஸ்டம் ஷாக்கையே புதிதாகச் செய்து 2023இல் வெளியிட்டது.

அதே நைட்டைவ், நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் என்ற 2000ஆம் ஆண்டு கேமுக்கும் முயன்று பார்த்தது. வார்னர், ஃபாக்ஸ், ஆக்டிவிஷன் என்று மூன்று பக்கம் நூல் போனது. உரிமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அந்தக் கம்பெனிகளுக்கே தெளிவில்லை. பத்திரத்தைத் தேடிப் பார்க்கவும் யாருக்கும் அக்கறையில்லை. முயற்சி அத்தோடு நின்றது.

ரோட் ரேஷுக்கு இந்தச் சிக்கு இல்லை. ஆனால் பாட்டுச் சிக்கு உண்டு. 1994 பதிப்பில் சவுண்ட்கார்டன், மான்ஸ்டர் மேக்னட் போன்ற ராக் குழுக்களின் பாடல்கள் இருந்தன. நமக்கு அந்தக் கூச்சல் பைக் சத்தத்தோடு சேர்ந்தே ஞாபகம் இருக்கிறது. இப்படிப் பாடல்களுக்கு வாங்கும் உரிமை பெரும்பாலும் காலக்கெடுவோடுதான் வரும். ஆலன் வேக் என்ற கேம் 2017இல் கடைகளிலிருந்து காணாமல் போனது பாட்டு உரிமை காலாவதியானதால்தான். பேசி முடித்து மறுபடி விற்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 2006இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் பழைய கேம்களைத் தொகுத்து பிஎஸ்பி கருவிக்கு வெளியிட்டபோது சேகா காலத்து ரோட் ரேஷ் மூன்றும் அதில் இருந்தன, நம்முடையது இல்லை. பாட்டுதான் காரணம் என்பது என் ஊகம். மூன்று பழையவற்றுக்கும் இசை சொந்தச் சரக்கு.

இனி மனு. மெகாமேன் லெஜண்ட்ஸ் 3 என்ற கேமை காப்காம் கம்பெனி 2010இல் அறிவித்தது. வடிவமைப்பில் ரசிகர்களையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஜூலையில் கைவிட்டது. கொதித்துப்போனவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். இன்றுவரை அந்த கேம் வரவில்லை. அதே 2011இல் இன்னொரு கூட்டம் ஆப்பரேஷன் ரெயின்ஃபால் என்ற பெயரில் கிளம்பியது. ஜப்பானில் நின்டெண்டோ ஏற்கனவே வெளியிட்டிருந்த மூன்று கேம்களை அமெரிக்காவிலும் விற்கவேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அவர்கள் கையெழுத்தோடு நிற்கவில்லை. வருமா வராதா என்றே தெரியாத ஒரு கேமை அமேசானில் முன்பதிவு செய்து விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏற்றினார்கள். 2013க்குள் மூன்றும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டன.

ஒரு லட்சம் பேரால் முடியாததை இவர்கள் முடித்ததற்கு இரண்டு காரணம் சொல்வேன். கேட்டது சின்ன விஷயம், முடிந்த வேலையை விற்கச் சொன்னார்கள். இரண்டாவது, கணக்குப் பார்ப்பவருக்குக் கண்ணில் படுகிற மாதிரி பணத்தைக் காட்டினார்கள். கையெழுத்துக்குச் செலவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தது போலவே அவர்களுக்கும் தெரியும்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் காது கேளாத கம்பெனியும் அல்ல. அவர்களுடைய ஸ்கேட் தொடர் 2010இல் மூன்றாம் பாகத்தோடு நின்றது. கம்பெனி சமூக ஊடகத்தில் எதைப் போட்டாலும் கீழே வந்து நான்காவது எங்கே என்று கேட்பதை ரசிகர்கள் ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டார்கள். நடுவில் யூட்யூபில் பெரிய ஆட்கள் ஸ்கேட் 3ஐ ஆடிக் காட்ட, பழைய கேமின் விற்பனை மறுபடி சூடுபிடித்தது. 2020இல் புது ஸ்கேட்டை அறிவித்தார்கள். 2025 செப்டம்பரில் முன்னோட்டப் பதிப்பாக வந்தது. கேம் இலவசம், உள்ளே போனால் கடை. திரும்ப வருவது எப்போதும் நாம் விட்ட இடத்திலிருந்தே வராது, அதற்கும் மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

ஆகவே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜிஓஜி என்ற இணைய கேம் கடைக்கும் போங்கள். பழைய கேம்களைத் தூசு தட்டி விற்பதே அவர்கள் தொழில், சிஸ்டம் ஷாக் 2 மறுபடி வந்ததும் அங்கேதான். எந்தப் பழைய கேம் வேண்டும் என்று வாக்களிக்க ஒரு பட்டியலும் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் கையெழுத்தைவிட அங்கே விழும் நூறு ஓட்டுக்கு மதிப்பு அதிகம் என்பேன். உரிமை பேசப் போகிறவர் மேசையில் எடுத்து வைக்க ஓர் எண்ணிக்கை கிடைக்கிறது. புது ரோட் ரேஷ் கேட்காமல், 1996 பதிப்பை இன்றைய விண்டோஸில் ஓடும்படி விற்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து உங்கள் இரண்டாயிரம். இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் மாதிரியான இடங்களில் நீங்கள் பொருள் வாங்கவில்லை, ஒருவருடைய முயற்சிக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். கிக்ஸ்டார்ட்டரில் குறித்த தொகை சேராவிட்டால் உங்கள் கார்டில் பணம் எடுக்கமாட்டார்கள். சேர்ந்த பிறகு வேலை கெட்டுப்போனால், திரும்பக் கிடைக்கும் என்று நம்பி உட்காரமுடியாது. ஷென்மூ III என்ற கேம் 2015இல் 63 லட்சம் டாலர் திரட்டி 2019இல் வந்தது. மெகாமேனோடு பெயர் சேர்த்துச் சொல்லப்பட்ட கேஜி இனாஃபுனே அதே பாணியில் மைட்டி நம்பர் 9 செய்கிறேன் என்று 2013இல் 38 லட்சம் டாலர் திரட்டினார். தள்ளித்தள்ளி 2016இல் வந்தபோது பணம் போட்டவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும் ஒன்றில் பணம் போட்டேன், பெயர் வேண்டாம். ஏழாவது ஆண்டு டிஷர்ட் வந்தது. நான் கொடுத்த அளவு அதற்குள் எனக்குப் பத்தாமல் போயிருந்தது. கேம் இன்னும் வரவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் குழு செய்யப்போவதாகச் சொல்வதை ஒருவர் ஏற்கனவே செய்து முடித்துவிட்டார். டார்க்சீஸ் கேம்ஸ் 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் 1,60,000 டாலர் கேட்டு, அதற்கு மேலேயே திரட்டி, 2017இல் ரோட் ரிடெம்ப்ஷன் என்ற கேமை வெளியிட்டது. பைக், பக்கத்து ஆளுக்கு ஓர் உதை, கையில் இரும்புக்கம்பி, எல்லாம் உண்டு. பெயரும் ஆட்களும் படங்களும்தான் வேறு. பைக்கில் போய்க்கொண்டே அடித்துக்கொள்வது என்ற யோசனைக்குக் காப்புரிமை கிடையாது, அதை யாரும் செய்யலாம். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் கிடைக்கிறது, தள்ளுபடியில் இன்னும் மலிவு. பிடிக்காவிட்டால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். முதலில் அதை ஆடிப் பாருங்கள். ஆசை அத்தோடு தீர்ந்தாலும் தீரும்.

தீராவிட்டால் அந்தக் குழுவின் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ஆடிப் பார்க்க டெமோ இருக்கிறதா, வெறும் ட்ரெயிலர்தானா? இதற்கு முன் ஒரு சின்ன கேமையாவது முடித்து விற்றிருக்கிறார்களா? ஐந்து பேர் மூன்று ஆண்டு உட்கார்ந்து வேலை செய்ய அவர்கள் கேட்கும் தொகை சம்பளத்துக்காவது ஆகுமா? மிகக் குறைவாகக் கேட்பவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். ரோட் ரேஷ் என்ற பெயரையே தலைப்பில் போட்டுப் பணம் கேட்டால் பேச்சே வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தால் போதும், கேமும் போய்விடும், உங்கள் பணமும் போய்விடும்.

நண்பர் அனுப்பிய ஃபைலுக்கு வருவோம். வாட்ஸப்பில் வரும் நிறுவல் ஃபைலை யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள். அதே லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கையும் பார்ப்பீர்கள். சட்டமும் துணைக்கு வராது. கம்பெனி கைவிட்ட கேம் ஊருக்குப் பொது என்பது வெறும் பேச்சு. அமெரிக்கச் சட்டப்படி கம்பெனி உருவாக்கிய படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு காப்புரிமை உண்டு. முதல் ரோட் ரேஷ் பொதுச் சொத்தாக 2086 முடியவேண்டும். ஆர்வத்தில் உழைத்தவர்களுக்கே அடி விழுந்திருக்கிறது. சேகாவின் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் கேம் தொடருக்காக ரசிகர்கள் எட்டு ஆண்டு உழைத்து 2011இல் வெளியிட்டதை, சில நாட்களிலேயே சேகா இறக்கச் சொல்லிவிட்டது. 2020இல் நான்காம் பாகம் வந்தது. செய்தவர்கள் வேறு, ஆனால் சேகாவிடம் முறையாக உரிமை வாங்கியவர்கள்.

ரசிகர் வேலை முறையாக உள்ளே போன கதையும் உண்டு, அது உங்களுக்கு மிகவும் பிடிக்கும். பிரவுசிங் சென்டரில் அடுத்த சீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஞாபகமிருக்கிறதா? அதைச் செய்த ஆன்சம்பிள் ஸ்டூடியோஸை மைக்ரோசாஃப்ட் 2009இல் மூடிவிட்டது. ரசிகர்கள் விடவில்லை, தாங்களே புது நாடுகளைச் சேர்த்து ஒரு கூடுதல் பாகம் செய்தார்கள். மைக்ரோசாஃப்ட் தடுக்காமல் 2013இல் அதையே அதிகாரப்பூர்வமாக விற்றது. அந்த ரசிகர் குழு ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற கம்பெனியாகி, 2019இல் வந்த புதுப்பிப்பிலும் பங்கெடுத்தது. 2022இல் இந்தியாவுக்கென்று வந்த பாகத்தில் திராவிடர் என்று ஒரு தனி நாகரிகமே இருக்கிறது, உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் வீரர்களோடு. ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். ஒரு கேம் அணைந்துபோகாமல் ரசிகர்கள் ஊதிக்கொண்டே இருந்ததால் கங்கை கொண்டவன் வரை வந்து சேர்ந்தது. அந்த கேமை வாங்கி உங்கள் மகனோடு ஆடுங்கள்.

கடைசியாக சிடி. முதல் வேலை, வெளியே செருகும் யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்றை வாங்கி, சிடி முழுவதையும் அப்படியே ஒரே ஃபைலாக (இமேஜ் ஃபைல் என்பார்கள்) நகலெடுங்கள். முறையாக வாங்கிய மென்பொருள் கெட்டுப்போகாமலிருக்கக் காப்பு நகல் எடுக்க நம் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடம் தருகிறது. சிடியின் பளபளப்பில் ஊசித்துளை மாதிரி ஓட்டைகள் தெரிந்தால் இன்றைக்கே செய்யுங்கள். புது லேப்டாப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்தக் காலத்து நிறுவல் ஃபைல்கள் பலவும் 16 பிட், இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றைத் தொடவே தொடாது. சொந்தக்காரர் வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினி தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டு வாங்குங்கள், அதில்தான் தொல்லை குறைவு. இணையத்தோடு மட்டும் அதை இணைக்காதீர்கள். ஸ்பீக்கரும் சேர்த்து வாங்கி வாருங்கள், அந்தப் பாட்டு இனி வேறெங்கும் அந்த பைக்கோடு சேர்த்துக் கேட்கக் கிடைக்காது.