பொடி வியாபாரம் பெருகியது. என் பங்கு எங்கே?

கேள்வி: ஈரோட்டில் 2019-இல் வீட்டிலேயே அரைத்து நான் விற்கத் தொடங்கிய பருப்புப் பொடி, எதிர்பாராத அளவுக்குப் பெருகி, இன்று பல ஊர்க் கடைகளுக்குப் போகிறது. என் பெற்றோர் போட்ட 18 பவுன் நகையை விற்றுத்தான் இயந்திரம் வாங்கினோம். ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு, வணிகச் சின்னம் அனைத்தும் கணவர் பெயரில் உள்ளன. வேலையை விட்டுவிட்டு வந்த அவர், இப்போது கணக்கையே எனக்குக் காட்டுவதில்லை. பிரியும் எண்ணம் எனக்கில்லை. மனைவி என்ற முறையில் பாதி எனக்கு உண்டா?

பதில்: மனைவி என்ற முறையில் மட்டும் கேட்டால், இல்லை. கோவாவின் குடிமைச் சட்டத்தை விட்டுவிட்டால், திருமணத்துக்குப் பின் ஈட்டியது இருவருக்கும் பொது என்ற விதி நம் நாட்டில் கிடையாது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) என்பது கணவன், மனைவி போன்ற நிலையால் அல்லாமல் ஒப்பந்தத்தால்தான் உண்டாகிறது என்கிறது. (பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்ததால், சேர்ந்து தொழில் செய்தாலும் கூட்டாளிகள் ஆகாதவர்களுக்குப் பர்மிய பௌத்தத் தம்பதியரையும் அது உதாரணமாகச் சொல்கிறது.) இல்லத்தரசியின் உழைப்பையும் பங்களிப்பாகக் கருதிச் சமபங்கு அளித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் 2023 ஜூன் தீர்ப்பைப் பலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது வாங்கிய சொத்துகளைப் பற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரத்துக்கு அதை மட்டும் நம்பி வழக்குத் தொடுக்க நான் சொல்லமாட்டேன்.

நகை விஷயம் வேறு. அது உங்கள் சீதனம், அதாவது உங்களுக்கு மட்டுமே உரிய சொத்து. நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்தினாலும், அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024-இலும் உறுதிப்படுத்தியது. விற்பதற்கு நீங்கள் சம்மதித்தது, அதை அவருக்குக் கொடையாகக் கொடுத்ததாகிவிடாது. நகை விற்ற ரசீது, இயந்திரம் வாங்கிய பில், தொடக்கக் கால வாட்ஸ்அப் ஆர்டர்கள் ஆகியவற்றை இன்றே பத்திரப்படுத்துங்கள்.

பிரிய விருப்பமில்லாத உங்களுக்கு வழக்கைவிடப் பத்திரமே உதவும். இலாபப் பங்கு, கணக்கைப் பார்க்கும் உரிமை, வங்கியில் இருவர் கையொப்பம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிய கூட்டாண்மைப் பத்திரத்துக்குக் கணவரை இணங்கச் செய்யுங்கள். அந்தக் கூட்டாண்மை நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். பதிவில்லாவிட்டால், கூட்டாண்மையைக் கலைக்கவும், கலைத்த பின் கணக்குக் கேட்கவும் வழக்குத் தொடுக்கலாமே தவிர, தொழில் நடக்கும்போது பத்திரத்தில் உள்ள உங்கள் உரிமைகளை அமல்படுத்தக் கோரி நீதிமன்றம் செல்ல அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடையாக நிற்கும். புதிய நிறுவனத்துக்குத் தனி பான் எண்ணும் ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படும், அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். வணிகச் சின்னத்தை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றும் ஆவணத்தை மட்டும் தனியாக எழுதி, வணிகச் சின்னப் பதிவகத்தில் பதியச் செய்யுங்கள். கடைக்காரர்கள் கேட்பது அந்தப் பெயரைத்தான், அது இன்னும் கணவருடையதாகவே இருக்கிறது.