நூல் முதலாளிகளின் ஊர் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ வந்திருக்கிறேன். பக்கத்தில்தான் பேஸ்லி, ரயிலில் பத்து நிமிடம். அப்பா மதுரையில் மதுரா கோட்ஸ் நூல் மில்லில் வேலை பார்த்தவர் என்பதால், கோட்ஸ் குடும்பத்தின் சொந்த ஊரைப் பார்த்தே தீர வேண்டும் என்று போனேன். அசந்துவிட்டேன். டவுன் ஹால், இன்னொரு நூல் மில் குடும்பமான கிளார்க் குடும்பத்துக் கொடை. நூலகம், அருங்காட்சியகம், வானாய்வகம், பூங்கா எல்லாம் கோட்ஸ் குடும்பம் கொடுத்தவை. அவர்கள் பெயரில் பிரம்மாண்டமாக ஒரு தேவாலயம் வேறு. முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும். நம்மூர் மில்காரர்களுக்கு ஏன் இந்த மனசு வரவில்லை?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பார்த்ததெல்லாம் உண்மை. தாமஸ் கோட்ஸ் 1868-ல் பூங்காவையும் 1883-ல் வானாய்வகத்தையும் கொடுத்தார். அவருடைய அண்ணன் பீட்டர் 1871-ல் நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் கொடுத்தார். ஸ்காட்லாந்தின் முதல் நகராட்சி அருங்காட்சியகம் அது. ஊருக்கு நூலகம் கட்டிக் கொடுத்தவரைத் திட்ட எனக்கு நாக்கு எழாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் கட்டடங்கள் இருக்கின்றன, கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், பேஸ்லிக்காரர்கள் யாரையும் காணோம்.

மில்கள் பெரிதாவதற்கு முன் அது கைத்தறி ஊர். காஷ்மீர் ஷால்மேல் ஐரோப்பியப் பெண்களுக்கு மோகம் வந்தபோது, அதைப் பார்த்து மலிவாக நெய்து கொடுக்கும் வேலையை 1805 வாக்கில் பேஸ்லி பிடித்துக்கொண்டது. நம் பட்டுப்புடவைகளில் ஓடும் மாங்காய் டிசைனுக்கு உலகம் முழுக்க அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். பேர் பேஸ்லிக்கு, சரக்கு காஷ்மீருடையது. அது இருக்கட்டும்.

அந்த ஷாலில் பல நிற ஊடை நூல்கள், அதாவது குறுக்கு நூல்கள், ஓடும். ஒரு நிறம் தேவைப்படாத இடத்தில் அந்த நூல் துணியின் பின்பக்கம் தளர்ந்து கிடக்கும். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த, நடுநடுவே மெல்லிய நூல் ஒன்றைக் குறுக்கே ஓட்ட வேண்டும். முன்பக்கம் பார்த்தால் அது கண்ணில் படாது. அதற்கு ஸ்மா ஷாட் என்று பெயர். அது இல்லையென்றால் ஷாலே நிற்காது. முதலாளிகளோ, டிசைனில் தெரியாத நூலுக்குக் கூலி கிடையாது என்றார்கள். நெசவாளி அந்த நூலைத் தன் கைக்காசில் வாங்கி, தன் நேரத்தைச் செலவழித்து நெய்ய வேண்டும். ஷால் விற்ற பணம் மட்டும் முழுசாக முதலாளிக்கு.

இதை எதிர்த்து நெசவாளிகள் நீண்ட காலம் போராடி, 1856-ல் ஜெயித்தார்கள். அந்த நூலுக்கும் கூலி உண்டு என்று முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அப்புறம் நெசவாளிகள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜூலை முதல் சனிக்கிழமை தங்களுக்கு வரும் விடுமுறைக்கு ஸ்மா ஷாட் நாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! நடுவில் நின்றுபோன அந்தத் திருவிழாவை 1980களில் மறுபடி ஆரம்பித்தார்கள். சார்ல்ஸ்டன் பகுதியின் முரசை அடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். முதலாளியின் உருவபொம்மையைக் கொளுத்துவார்கள். பொம்மைக்கு கார்க் என்று பட்டப்பெயர். கூலித் தகராறில் ஜெயித்ததை ஊர்த் திருவிழாவாக வைத்திருக்கும் ஒரு ஊரில், டவுன் ஹாலை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அந்த டவுன் ஹால் பணத்தின் கதையும் கேளுங்கள். அதற்காக உயிலில் 20,000 பவுண்டு எழுதிவைத்த ஜார்ஜ் கிளார்க், அமெரிக்காவில் நியூவார்க் நகரத்தில் நூல் மில் நடத்தியவர். 1873-ல் இறந்ததும் அங்கேதான். ஹால் திறந்தது 1882-ல். அங்கே சம்பாதித்தது பிறந்த ஊருக்கு வந்தது. தப்பில்லை, நாமும் அப்படித்தான் செய்வோம். ஆனால் ‘முதலாளி மனசு’ என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் சொந்த ஊர்ப் பாசம். அந்தப் பாசம் மில் இருக்கும் இடத்துக்கெல்லாம் கூடவே வராது.

இப்போது உங்கள் கேள்வி. அப்பா வேலை பார்த்த மில்லை ஆரம்பித்தவர்கள் ‘நம்மூர் மில்காரர்கள்’ இல்லையே! ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள். பாபநாசத்தில் 1885, தூத்துக்குடியில் 1888, மதுரையில் 1889 என்று வரிசையாக மில் வைத்தார்கள். கோட்ஸ் அதோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது 1974-ல்தான். ஹார்வி கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. திருப்பரங்குன்றம் பக்கம் தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டிய ஹார்விபட்டி உங்களுக்குத் தெரிந்த இடம்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. 1908 பிப்ரவரி கடைசியில் ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆனதும் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். நமக்குப் பாடத்தில் வருவது இந்தக் கைதும் செக்கும்தான். ஜெயித்த மில் தொழிலாளர்கள் அந்தக் கதைக்கு முன்னுரையோடு சரி. பேஸ்லியிடமிருந்து எதையாவது வாங்கிக்கொள்வதென்றால் நான் அந்த முரசைத்தான் கேட்பேன், வானாய்வகத்தை அல்ல.

இன்னொன்று. வெல்மெடோ தெருவுக்குப் போனீர்களா? 1928-ல் அங்கிருந்த ஒரு காபிக் கடையில் மே டோனஹியூ குடித்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை கிடந்ததாக வழக்குப் போட்டார். கையில் காசில்லாததால் ஏழை என்ற சலுகையில்தான், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போக முடிந்தது. பொருளை விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டுமல்ல, பயன்படுத்துகிறவருக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என்று 1932-ல் வந்த அந்தத் தீர்ப்பை நம்மூர் சட்டக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். டோனஹியூ ஊருக்கு எதையும் நன்கொடை கொடுக்கவில்லை.

ஜூலை வரை மகள் வீட்டில் இருப்பீர்கள் என்றால், முதல் சனிக்கிழமை மறுபடி போங்கள். ஸ்மா ஷாட் காட்டேஜ் என்று பழைய நெசவாளர் வீடுகளை வைத்திருக்கிறார்கள். மைல் எண்ட் மில்லில் நூல் மில் அருங்காட்சியகம் ஒன்று உண்டு, தன்னார்வலர்கள் நடத்துவது. அப்பா மதுரையில் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.