பச்சை விளக்கை விடத் தண்டேலின் குரல்பதிவுதான் பெரிய சிக்கல்

கேள்வி: மும்பை ஆன்டாப் ஹில்லில் இருக்கிறேன். பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து, நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோகும் படகு வைத்திருக்கிறேன். நீளம் 12 மீட்டருக்கும் குறைவு. வலப்பக்கப் பச்சை விளக்கில் தண்ணீர் புகுந்துவிட்டது. புதியதற்கு அநியாய விலை சொன்னார்கள். அதனால் லோஹார் சால் கடைத்தெருவில் வெள்ளை எல்.இ.டி. வாங்கி வீட்டிலேயே மாற்றி, எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். விளக்கு சரியாகத் தெரியவில்லை என்று தண்டேல் (படகை ஓட்டும் தலைவர்) வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். "மாசக் கடைசி வரைக்கும் ஓட்டு" என்றேன். அந்த வாரமே இரவில் மீன்பிடிப் படகு ஒன்று மோதியது. காயம் யாருக்கும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் மரியாதையில்லாமல் பேசினார். கம்பெனியும் கையை விரித்துவிட்டது. மீன்பிடிப் படகுக்காரர் மூன்றரை லட்சம் கேட்கிறார். தண்டேலை நிறுத்திவிட்டு எல்லோர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: கடைக்காரரின் விலையும் சர்வேயர் மரியாதையில்லாமல் பேசியதும் இந்த வழக்குக்கு உதவாது. விளக்கு சரியில்லை என்று தெரிந்தே படகை அனுப்பினீர்களா என்பதுதான் கேள்வி.

நீங்கள் அனுப்பிய பாலிசி ஓராண்டுக் கால பாலிசி. 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 41(5)-இன்படி, உரிமையாளருக்குத் தெரிந்தே கலம் தகுதியில்லாத நிலையில் கடலுக்குப் போயிருந்தால், அந்தக் குறையால் வந்த நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. ரிப்பேர் மட்டும் என்றால் வாதாடியிருப்பேன். சரியாகிவிட்டது என்று நம்பினேன் எனச் சொல்ல இடமிருந்தது. "மாசக் கடைசி வரைக்கும்" என்ற பதில் அதைக் கெடுத்துவிட்டது. உங்கள் அளவுப் படகில் பக்க விளக்கு 112.5 பாகைக்குள், ஒரு கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். பல்பை மாற்றினால் நிறமும் வீச்சும் மாறக்கூடும். சோதித்ததற்கு உங்களிடம் ஒரு காகிதமும் இல்லை.

இனி, கட்சிக்காரர்கள் விழும் குழிகள். முதலில், "எவ்வளவு கவனமாக ரிப்பேர் செய்தேன் தெரியுமா" என்று கம்பெனிக்கு நீளமாகக் கடிதம் எழுதுவார்கள். குறை தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிடும். அப்புறம் குரல்பதிவை அழிப்பார்கள். அது தண்டேலின் போனிலும் இருக்கும். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-இன்படி குற்றம். தண்டேலை வேலையை விட்டு நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம். அவர் உங்களை எச்சரித்தவர். இன்று உங்கள் ஆள். நாளை எதிர்த்தரப்பின் சாட்சியாக நிற்பார். சம்பளம் தவறாமல் கொடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: மீன்பிடிப் படகுக்காரரோடு சமாதானமாகப் போங்கள். அவர் பக்கமும் தவறு இருந்தால் பொறுப்பு பங்காகப் பிரியும், அதை வைத்துத் தொகையைக் குறைக்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் சம்மதமில்லாமல் செய்த சமரசத்தை ஏற்க மாட்டோம் என்ற நிபந்தனை இத்தகைய பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். தவற்றை ஒப்புக்கொள்ளாமல், முழு இறுதித் தீர்வாக என்று பத்திரத்தில் வர வேண்டும்.

கழற்றிய விளக்கை எறியாமல் அப்படியே வையுங்கள். சான்றிதழுள்ள புது விளக்கு பொருத்தும்வரை அந்தப் படகை இரவில் அனுப்பாதீர்கள்.