தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கு வேலை முடிஞ்சா பொழுதுபோக்குன்னு ஏதாவது இருக்கா?

இருக்குங்க, நெறையவே இருக்கு. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். குலைய வெட்டுனா 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போய்டணும், லேட்டானா எண்ணெயில புளிப்பு ஏறிடும், அதனால பகல் பூரா ஒரே ஓட்டம்தான். ஆனா சாயங்காலம் அஞ்சரைக்கு மேல நான் உறுமி மேளம் வாசிக்கிற உறுமிக்காரன்.

உறுமிக்கு ரெண்டு முகம். ஒரு பக்கம் குச்சியால அடிக்கணும், இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சிய தோல்ல அழுத்தித் தேய்க்கணும், அப்பதான் அந்த 'ஊம்ம்'னு உறுமுற சத்தம் வரும். மொத ஆறு மாசம் எனக்கு கதவு கிரீச்சுன்ற மாதிரிதான் வந்துச்சு, பக்கத்து வீட்டு அக்கா "தம்பி, கொஞ்சம் ஆத்தங்கரைக்குப் போயி வாசிப்பா"ன்னு சொல்லிட்டாங்க. தைப்பூசம் கிட்ட வந்தா காவடிக்கு வாசிக்கக் கூப்புடுவாங்க, காசு கொஞ்சம் கெடைக்கும், பெட்ரோலுக்கு சரியாப் போயிரும்.

எங்க மாமா பால்மரம் வெட்டுறவரு, அதாவது ரப்பர் மரத்துப் பட்டைய சீவி பால் எடுக்கறவரு. வெயில் ஏறுனா பால் ஓட்டம் கொறைஞ்சிடும்னு விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்ட மாட்டிக்கிட்டு கெளம்பிடுவாரு. மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும், அப்பறம் தூண்டிலத் தூக்கிக்கிட்டு அல்லூருல, அதாவது வாய்க்கால்ல, ஹாருவான்னு சொல்ற விரால் மீன் புடிக்கப் போவாரு. சின்னத் தவளைதான் இரை. பாதி நாள் வெறுங்கையோடதான் வருவாரு, கேட்டா தண்ணி கலங்கிருச்சும்பாரு.

பொண்ணுங்க? அத்தை பூ கட்டுவாங்க, ரேடியோவுல மின்னல் எஃப்எம் ஓடிக்கிட்டே இருக்கும். ஆனா ஆர்டர் வந்ததுலருந்து அதுவும் வேலையாயிருச்சுன்னு அவங்களே அலுத்துக்கறாங்க.