15 வயது மகள் ஓவியம் என்ற பெயரில் தன் முகத்தையே சிதைத்துச் சிதைத்து வரைகிறாள். கவலைப்பட வேண்டுமா?

கேள்வியில் 'சிதைத்து' என்று பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன், கத்திச் சொன்னேன். உங்கள் மகளுக்கும் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருக்கும். கணக்குப் புள்ளிச் சண்டையும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். நான் ஓவியம் படித்தவள் அல்ல, திருகோணமலையில் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தால் வைத்தியரிடம் போங்கள். மற்றபடி, வரைவது யாருடைய முகம் என்று முதலில் அவளிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

என் மகளுக்கு அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் படம் எடுத்தபோது, பிறகு உதவும் என்று கூடுதலாக ஆறு பிரதிகள் வாங்கி லாச்சிக்குள் வைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால் ஆறிலும் பேனாக் கிறுக்கல். ஒன்றில் எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை. ஒன்றில் மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி. இன்னொன்றில் எழுத்தழிக்கும் வெள்ளை மை, டிப்பெக்ஸ் பூசி வாயையே காணவில்லை. காசு கொடுத்து எடுத்த படங்கள்! மூக்குத்திப் படம்தான் கையில் இருந்தது, இரண்டாகக் கிழித்துவிட்டேன். அவள் அழவில்லை. "அது அம்மம்மா" என்றாள்.

1990-இல் போருக்குத் தப்பி மன்னார்க் கரையில் படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனபோது எனக்கு 10 வயது. படங்கள் இருந்த தகரப்பெட்டி வீட்டோடு போயிற்று. அம்மாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இவள் தன் முகத்தின் மேல் அம்மம்மாவின் 15 வயதைத் தேடியிருக்கிறாள். அம்மா பக்கத்தில் இருந்து, "எனக்கு மூக்கு இவ்வளவு கூர் இல்லைப் பிள்ளை, அது உன் அப்பா பக்கத்து மூக்கு" என்று திருத்தம் வேறு சொல்லியிருக்கிறார். தன் சிரிப்பு எப்படி இருந்தது என்பது மட்டும் அவருக்கே நினைவில்லை. அதனால்தான் அந்த வெள்ளை.

அந்தப் படங்களைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொடுத்தபோது "இதில் சித்திரம் எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுவர் முழுவதும் கோணேசர் கோயில், சூரியோதயம், புள்ளிமான். மான் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர்ப் பிரட்ரிக் கோட்டைக்கு வருகிறவர்கள் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு அது சுற்றிய லஞ்ச் ஷீட் பொலித்தீனை அங்கேயே எறிகிறார்கள், மான்கள் அதை மென்று கொண்டு நிற்கின்றன. கேட்டால் நம்மைத்தான் முறைக்கிறார்கள். அந்த மானை ஒரு பிள்ளையும் வரைவதில்லை.

இதெல்லாம் கலையா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி வாங்கி, 2011-இல் நூலாகவே வெளியிட்டார். கோணல்மாணலான கோடுகள், இங்கே கிணறு, இங்கே மாமரம் என்று. சமகாலக் கலை என்பது இப்படியும் இருக்கும் என்று எனக்கும் பிறகுதான் தெரிந்தது. அதற்காக என் மகளை அவரோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் தொடங்க வேண்டாம். கணக்கில் அவளுக்குச் சாதாரண சித்தி, அதாவது ஆகக் குறைந்த தேர்ச்சிதான் வந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கிழித்த படத்தை அவளே செலோடேப் போட்டு ஒட்டினாள். நெற்றியின் குறுக்கே கோடு தெரிகிறது. ஆறு படங்களில் அம்மா அதைத்தான் கேட்டு வாங்கி, மாத்திரைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, "இது நான்" என்கிறார். சிலர் நம்பியும் விடுகிறார்கள்.